வகைக்குப் பொருத்தமற்றது

போன வருசம் கிளிநொச்சியில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் என் மகளுக்குக் கிடைத்த புள்ளித்தாளின் அடியில், குறிப்பு என்ற கோட்டுக்கு மேலே, நீல மையில் இரண்டு சொல் எழுதியிருந்தது. "வகைக்குப் பொருத்தமற்றது." குரல்வளத்துக்கு நல்ல புள்ளி. சுருதியிலும் தாளத்திலும் வெட்டியது கொஞ்சம்தான். ஆனால் எல்லாம் கூட்டி முடித்தபோது இடம் ஒன்றும் இல்லை, பங்குபற்றியதற்கான சான்றிதழ் மட்டும். அவள் பாடியது தன் அம்மம்மாவின், அதாவது என் அம்மாவின் தாலாட்டு. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் நீலாம்பரி ராகத்தில் சின்னதாக ஓர் ஆலாபனை வைத்தாள். வகுப்புத் தோழி ஒருத்தி பக்கத்தில் நின்று கீபோர்டில் நீளநீளமாகக் கோர்ட்ஸ் பிடித்தாள். விண்ணப்பத்தில் மூன்று பெட்டி இருந்தது: கர்நாடக இசை, நாட்டார் பாடல், மெல்லிசை. எதில் புள்ளடி போடுவது என்று இரண்டு நாள் யோசித்து நாட்டார் பாடலில் போட்டோம். போட்டோம் என்கிறேன், கையெழுத்து வைத்தது நான்தான். ஏதாவது ஒரு கீர்த்தனையைப் பாடிவிட்டு வா, வம்பு வேண்டாம் என்று அவளிடம் சொன்னதும் நான்தான்.

மண்டபத்துக்கு வெளியே, செருப்புக் கழற்றிய இடத்தில், நடுவர்களில் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். மரியாதையான மனிதர். "பிள்ளை, குரல் நல்லம்," என்றார். "ஆனா நாட்டார் பாட்டுக்கு ஆலாபனை என்னத்துக்கு? சரி, கர்நாடகத்தில போடுவம் எண்டா கீபோர்ட் கிடக்கு. மெல்லிசை எண்டா இது உங்கட சொந்த மெட்டில்லை. நாங்கள் இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே இடம் தேடிக் களைத்தவர் மாதிரிச் சொன்னார். நான் தலையாட்டினேன். ஸ்கூட்டியில் வட்டக்கச்சிக்குத் திரும்பும்போது மகள் பின்னாலிருந்து ஒரு சொல் கதைக்கவில்லை. வாய்க்கால் பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் திறந்த பிறகுதான் கேட்டாள்: "அம்மா, அவர் சொல்லேக்க நீங்கள் ஏன் தலையாட்டினீங்கள்?"

காற்றில் கேட்காத மாதிரி ஓட்டினேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன், கோழிக்குத் தவிடு குழைத்தேன், கேள்வி மட்டும் போகவில்லை. பாதி மரியாதைக்காகத் தலையாட்டினேன், அது உண்மை. மற்றப் பாதி, அவர் சொன்னது சரிதான் என்று எனக்குள் ஒருத்தி நினைத்ததால். அந்த ஒருத்திக்குப் பதினாறு வயது.

ஓமந்தை தாண்டி வந்த குரல்

2003 மார்கழி. போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்து ஒன்றரை வருசத்துக்கு மேலாகியிருந்தது. லண்டனில் இருந்த மாமா ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒருமுறையும் புளியங்குளச் சாவடியில் ஒருமுறையும் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு வந்து சேர்ந்தார். பைக்குள் சொக்லேட், சவர்க்காரம், அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சுவெற்றர் (வன்னி வெயிலுக்கு!), எனக்கு ஒரு டிஸ்க்மேன், எட்டுப் பற்றரி, மூன்று சிடி. எல்லாரும் சிடியைப் பார்க்க, அம்மா மட்டும் பற்றரிகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. பற்றரியைத் தடைசெய்த பொருளாகவே பார்த்துப் பழகிய கண்.

வன்னிக்குப் பொருள்கள் வரவிடாத தடைக் காலத்தில் பாட்டுக் கேட்ட விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. 1997 இல் நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருந்தபோது அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ஒரு பழைய கசெற் பிளேயரைப் பாட வைப்பார். அப்பாவின் கை களைத்தால் நாடா மெதுவாகும், பாடுகிறவரின் சுருதி சரிந்துகொண்டே இறங்கும். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சுற்றினால் சுருதி ஏறும். நான் பாட்டுக் கேட்கப் பழகியது அப்படித்தான். பின்னாளில் சங்கீத வகுப்பில் நீளமான சங்கதியின் கடைசியில் எனக்குச் சுருதி இறங்கும்போதெல்லாம், இது என் பிழையில்லை, அப்பாவின் கை என்று தோன்றும். ரீச்சருக்கு இதை விளங்கப்படுத்த முடியாது.

மூன்று சிடியில் இரண்டு தமிழ்ப் படப் பாட்டு. மூன்றாவதில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. "உன்ர வயசுதான். நீ சங்கீதம் படிக்கிறாய் எண்டு கொம்மா எழுதினவ, கிளாசிக்கல் எண்டு போட்ட தட்டில பாத்து எடுத்தன்," என்றார் மாமா. பெயர் ஹேலி வெஸ்ட்டென்ரா. தொகுப்பின் பெயர் 'பியூர்'. தூயது என்று அர்த்தம் என்பதை என் பாடசாலை ஆங்கிலத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

அவள் 1987 ஏப்ரலில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்தில் பிறந்தவள். நானும் 1987. இந்தக் கணக்கு அன்றைக்கே என்னை உறுத்தத் தொடங்கிவிட்டது. சின்ன வயதில் தெருவோரத்தில் நின்று பாடியவள், பதினான்கு வயதிலேயே, 2001 இல், சொந்த நாட்டில் ஒரு தொகுப்பு வெளியிட்டுவிட்டாள் என்பதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது. ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் 'பியூர்' அவளுடைய முதலாவது இல்லை. ஆனால் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் உலகச் சந்தைக்கு அவளை இறக்கிய முதல் தொகுப்பு அதுதான். பிரித்தானியாவின் கிளாசிக்கல் விற்பனைப் பட்டியலில் நேரே முதலிடத்துக்குப் போனது, எல்லாவகைப் பாட்டுக்குமான பொதுப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் வந்தது. உலகெங்கும் 20 இலட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். அதில் ஒன்று வட்டக்கச்சியில், கிடுகு வேய்ந்த கொட்டிலில், ஜாம் போத்தல் விளக்கடியில், எனக்கு ஒரு காதிலும் தம்பிக்கு ஒரு காதிலுமாகப் பாடியது.

என்ன கேட்டோம்? றவேலின் ஒரு மெட்டுக்கு ஆங்கிலச் சொல் போட்ட பாட்டு. விவால்டியின் 'நான்கு பருவங்க'ளில் குளிர்காலத்திலிருந்து எடுத்த இன்னொன்று. கார்ல் ஓர்ஃபின் ஒரு லத்தீன் துண்டு. கார்ல் ஜென்கின்ஸ் சமாதானத்துக்காக எழுதிய பூசைப் பாடலிலிருந்து ஒரு பகுதி (போர்நிறுத்தத்தின் நடுவில் நாங்கள் அதைக் கேட்டோம், என்னவென்று தெரியாமலே). 'அமேசிங் கிறேஸ்'. அப்புறம் இரண்டு பாட்டு, ஆங்கிலமும் இல்லை, வேறு எந்த ஐரோப்பிய மொழி மாதிரியும் இல்லை. உயிரெழுத்தில் முடிகிற, திரும்பத்திரும்ப உருளுகிற சொற்கள். தம்பிக்கு ஏழு வயது. அவை இரண்டையும்தான் அவன் மறுபடி போடச் சொல்லுவான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பற்றரி தீர்ந்தது. அப்போது ஒன்று கவனித்தேன்: சுருதி இறங்கவில்லை. பாடிக்கொண்டிருந்தவள் அதே உயரத்தில், சொல்லின் நடுவில், அப்படியே நின்றுபோனாள்.

சங்கராபரணம்

சங்கீத ரீச்சர் 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவ. சனிக்கிழமைகளில் ஒரு மாமரத்துக்குக் கீழே பாய் விரித்து, எங்களை வட இலங்கை சங்கீத சபைச் சோதினைக்கு ஆயத்தப்படுத்துவா. அவவின் சுருதிப்பெட்டியின் துருத்தியில் இரண்டு இடத்தில் சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டியிருக்கும். 2004 தை மாதம், புதுப் பற்றரி வாங்கிப் போட்டு, டிஸ்க்மேனை அவவிடம் கொண்டுபோனேன். பாராட்டு வாங்கவா, பேச்சு வாங்கவா என்று எனக்கே தெரியாது.

ரீச்சர் ஒரு காதில் செருகிக்கொண்டு, மற்றக் கையால் துடையில் தாளம் தேடினா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் பாட்டு முடிந்தது, அது 'போகரேகரே ஆனா' என்ற, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் காதல் பாட்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் மாவோரிச் சிப்பாய்கள் பாடித் திரிந்தது. பிறகு கொரியப் போருக்குப் போன நியூசிலாந்துக்காரரோடு கொரியாவுக்குப் போய், அங்கே கொரியச் சொற்களோடு இன்றும் பாடப்படுகிறது. அதெல்லாம் எங்கள் இருவருக்கும் அன்றைக்குத் தெரியாது. ரீச்சர் கண்ணைத் திறந்து ஒரேயொரு சொல் சொன்னா: "சங்கராபரணம்."

பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "நோட்டுஸ்வரம் மாதிரியெல்லே கிடக்கு," என்றா. சின்னப் பிள்ளைகளுக்கு அவ முதலில் சொல்லிக்கொடுக்கிற உருப்படிகளில் ஒன்று 'சக்தி ஸஹித கணபதிம்'. நாங்கள் எல்லாரும் ஓடியோடிப் பாடியது. அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் சொன்னா. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரனின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளை எடுத்துக் கிட்டத்தட்ட 40 சாகித்தியம் செய்தார், எல்லாம் சங்கராபரண ராகத்தில், ஸ்வரத்தை அசைக்கிற கமகம் போடாமல் நேர் நேராகப் பிடிக்கிற ஸ்வரத்தில். 'ஸந்ததம் பாஹிமாம்' என்பது அச்சொட்டாக அவங்களின் தேசிய கீதம். "ராசாவைக் காப்பாத்து எண்டு அவங்கள் கடவுளைக் கேட்டாங்கள். இவர் அதே மெட்டில சியாமளையைக் கூப்பிட்டு என்னைக் காப்பாத்து எண்டார்," என்று சொல்லி ரீச்சர் சிரித்தா. அவ சிரித்தது அபூர்வம். எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை வகுப்பில், வர்ணம் பாடச் சொன்னபோது, அவளுடைய குரலை வைத்துப் பாடினேன். அதாவது எல்லாவற்றையும் நேராக்கி, மூச்சுக் காற்றை மேலே மிதக்கவிட்டு, எங்கேயும் அசைக்காமல். ரீச்சர் சுருதிப்பெட்டியை நிறுத்தினா. "அந்தப் பிள்ளையிட்ட மூச்சு இருக்கு. உன்னட்ட கமகம் இருக்கு. மூச்சை வாங்கு. அதுக்காகக் கமகத்தைக் குடுத்திட்டு வாறதே?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். வெட்கத்தில் டிஸ்க்மேனை ஒரு மாதம் தொடவில்லை. அந்த மாதத்தில்தான் எனக்குள் கோடு ஒன்று விழுந்தது என்று நினைக்கிறேன்: இது இது, அது அது. கலக்கக்கூடாது. ரீச்சர் சொன்னது அதுவே இல்லை என்று விளங்க எனக்கு இருபது வருசம் எடுத்தது. வாங்கு என்றும் சொன்னாவே, அது என் காதில் விழவில்லை.

ரீச்சர் 2006 ஓகஸ்ட் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனா. 11 ஆம் திகதி பாதை பூட்டுப்பட்டது. சுருதிப்பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. ஆறாந்தரச் சோதினை நான் எடுக்கவில்லை. 2009 இல் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், எதை விட்டோம் என்று எழுதப்போவதில்லை, இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அந்தப் பட்டியலை நித்திரையிலும் சொல்லுவீர்கள். டிஸ்க்மேனும் சிடியும் சுருதிப்பெட்டியும் விட்டவற்றில்.

தூயது என்ற பெயர்

போட்டி முடிந்த கிழமை, யூரியூப்பில் அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்து மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்குப் பதின்மூன்று வயது, எதையும் முப்பது விநாடிக்கு மேல் கேட்க மாட்டாள். இதை முழுக்கக் கேட்டாள். "வடிவாத்தான் இருக்கம்மா, ஆனா எல்லாம் ஒரே மாதிரி," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் பதினாறு வயதைத் தட்டிக்கழித்த மாதிரி. ஆனாலும் பிள்ளை சொன்னதில் பிழையில்லை.

குரலில் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் அவ்வளவு சுத்தமான ஸ்வரத்தானம் எல்லாருக்கும் வாய்க்காது. பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. விவால்டியின் குளிர்காலத்தில் அந்த மெதுவான பகுதிக்கு ஒரு செய்யுள் உண்டு: வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே ஆட்கள் கணப்பருகில் சுகமாக இருக்கிறார்கள். வயலின்கள் நரம்பைச் சுண்டிச் சுண்டி மழைத்துளி போடும், நடுவில் ஒரு வயலின் மட்டும் நிம்மதியாக நீளமாகப் பாடும். மழை இருப்பதால்தான் அந்த நிம்மதிக்கு ஒரு பெறுமதி. தொகுப்பில் அந்த மெட்டு ஆறும் கனவும் பற்றிய பாட்டாகிவிட்டது. மெட்டு அங்கேயே இருக்கிறது, கணப்பைக் காணவில்லை. ஓர்ஃபின் துண்டில் ஒரு பெண் காதலுக்கும் நாணத்துக்கும் நடுவே தராசு மாதிரி ஆடுகிறாள். இங்கே ஆட்டமே இல்லை, முதல் வரியிலேயே முடிவெடுத்துவிட்ட அமைதி. ஒவ்வொரு பாட்டையும் அதன் வீட்டிலிருந்து கூட்டிவந்து, முகம் கழுவி, ஒரே வெள்ளைச் சட்டை போட்டு வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். கலந்ததில் எனக்கு வழக்கு இல்லை. கழுவினதில்தான்.

கலப்பு என்ற வழக்கை அங்கேயும் கிளப்பாமல் இல்லை. 2000 ஆம் ஆண்டு 'பொண்ட்' என்ற நான்கு பெண்களின் நரம்பிசைக் குழு முதல் தொகுப்பை வெளியிட்டபோது, இது பொப் இசை, கிளாசிக்கல் இல்லை என்று பிரித்தானியக் கிளாசிக்கல் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். வகைக்குப் பொருத்தமற்றது! இதை மகளுக்குச் சொன்னபோதுதான் அந்தக் கிழமையில் முதல்முறையாகச் சிரித்தாள். ஹேலிக்கு ஐந்து வருசம் முந்தி, 1998 இல், வேல்ஸ் நாட்டுச் சார்லட் சேர்ச் பன்னிரண்டு வயதில் முதல் தொகுப்போடு வந்தாள். அவளைத் தேவதைக் குரல் என்றார்கள், தொகுப்பின் பெயரும் அதுதான். வளர்ந்ததும் பொப் பாடப் போனாள். பத்திரிகைகள் தன் வீட்டையும் தொலைபேசியையும் என்ன பாடுபடுத்தின என்று 2011 இல் விசாரணைக் குழு முன்னால் சாட்சி சொன்னாள். பிஞ்சுக் குரலுக்குச் சந்தை இருக்கிறது, பிஞ்சு முற்றினால் சந்தைக்குக் கோபம் வருகிறது. எங்கள் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளிலும் இதே கதைதான். ஆகவே மகளுக்கு இடம் கிடைக்காததில் எனக்கு ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

'பியூர்' தொகுப்பில் கழுவுப்படாமல் தப்பியவை அந்த இரண்டு மாவோரிப் பாட்டுகள். ஹேலி மாவோரிப் பெண் அல்ல. ஆனால் அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் வாயில் ஊறிய பாட்டுகள் அவை. அவற்றைப் பாடும்போது சொற்களை அழகாக உச்சரிக்க அவள் மெனக்கெடுவதில்லை, அவை தாமாக வருகின்றன. ஏழு வயதுத் தம்பிக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். 2011 பெப்ரவரி 22 ஆம் திகதி பூமி அதிர்ந்து கிறைஸ்ட்சேர்ச் இடிந்தது. 185 பேர் செத்தார்கள். அடுத்த மாதம் ஹாக்லி பூங்காவில் நடந்த அஞ்சலியில் அவள் 'அமேசிங் கிறேஸ்' பாடினாள். நாங்கள் அப்போது தறப்பாளுக்குக் கீழே இருந்தோம், இதையெல்லாம் பார்க்க வழியில்லை. பல வருசம் கழித்துத்தான் பார்த்தேன். தொகுப்பில் இருந்த அதே பாட்டு, கிட்டத்தட்ட அதே குரல். பதினாறு வயதில் அது வெறும் வடிவாக இருந்தது. இருபத்துமூன்று வயதில், தன் ஊர்ச் சனத்துக்கு முன்னால் நின்று பாடும்போது, காலுக்குக் கீழே நிலம் இருந்தது. அதுவும் அதிர்ந்துகொண்டிருந்த நிலம்.

ஏணை

இந்தச் சித்திரை விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். டிஸ்க்மேனின் மற்றக் காதில் கேட்டவன், இப்போது ஐந்து மாதப் பிள்ளைக்குத் தகப்பன். அம்மா தன் பழைய நூல் சேலையை எடுத்து விறாந்தை வளையில் ஏணை கட்டினா. அன்றைக்குப் பின்னேரம், பிள்ளை ஏணைக்குள் சிணுங்கிக்கொண்டிருந்தபோது, அம்மா மகளிடம் கேட்டா: "மோனை, என்ர பாட்டைப் போட்டியில பாடினனியாம். எனக்கு ஒருக்காப் பாடிக் காட்டன்."

மகள் அந்தப் பாட்டைப் பழகியது ஒரு போன் பதிவிலிருந்து. அம்மம்மா சுளகில் அரிசிக்குக் கல் பார்த்துக்கொண்டிருந்தபோது பாடச் சொல்லிப் பதிவு செய்தது. மடியில் பிள்ளை இல்லை, சுளகுதான் இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மெட்டைப் பிடித்தாள், அந்த மெட்டு நீலாம்பரிக்குப் பக்கத்தில் போகிறது என்று அவளாகக் கண்டுபிடித்தாள். (நீலாம்பரியும் சங்கராபரணத்தின் பிள்ளைதான். ரீச்சர் இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடித்திருப்பா.) இப்போது ஏணைக்குப் பக்கத்தில் நின்று, போட்டியில் பாடின மாதிரியே, ஆலாபனையோடு தொடங்கினாள். மெல்ல ஏறி மேல்ஸட்ஜத்தைத் தொட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். மண்டபத்தில் கைதட்டு விழுந்த இடம் அது. ஏணைக்குள்ளிருந்து ஒரு வீரிடல்.

அம்மா சிரித்தா. "நல்லாத்தான் பாடுறாய் மோனை. ஆனா பிள்ளை எழும்பிடும்."

"அது ஆலாபனை அம்மம்மா."

"என்னவோ. மேல போகக்கூடாது. மேல போனால் அவன் கண் திறப்பான். கண் திறந்தால் அழுவான்."

அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னா. எனக்குத்தான் முதுகில் ஏதோ ஓடியது. தம்பி 1996 இல் ஸ்கந்தபுரத்தில் பிறந்தவன். அடுத்த இரண்டு வருசம் அவனை நித்திரையாக்கிய இடங்களில் ஒன்று பனங்குற்றி அடுக்கிய பங்கர். ஏணை கட்ட அங்கே இடமில்லை, மடிதான். கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் வந்து போன பிறகும் வெளியே வரமுடியாது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஏழெட்டுப் பேர் உள்ளே. பிள்ளை அழுதால் எல்லாரும் பதறுவார்கள். அம்மா பாடுவா. மெட்டு ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு மேலே போகாது, இப்போது யோசித்துப் பார்த்தால் ஒரு முறைகூடப் போனதில்லை. சொல்லும் வெளியே கேட்காது. எனக்குப் பத்து வயது, இருட்டில் அம்மாவின் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இருப்பேன். அந்தப் பாட்டை நான் காதால் கேட்டதைவிட முதுகால் கேட்டதுதான் அதிகம். முள்ளந்தண்டில் ஒரு மெல்லிய அதிர்வு வரும், நிற்கும், மறுபடி வரும். அது நின்று கொஞ்ச நேரம் வராமல் இருந்தால் தம்பி நித்திரை என்று தெரிந்துகொள்வேன்.

இருபது வருசத்துக்கு மேலாக அந்தப் பாட்டை எல்லாருக்கும் "அம்மாவின் தாலாட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு, அது ஏன் பதிந்த குரலில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவின் குரலே அப்படி என்று நினைத்துவிட்டேன். மகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடுவர் எந்தப் பெட்டி என்று தேடினார், நானும் அதே பெட்டியைத்தான் தேடினேன், பிள்ளையும் நீலாம்பரிக்குள் தேடினாள். எங்களில் ஒருவரும் ஏணைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஆலாபனை போட்டதும் கீபோர்ட் வைத்ததும் குற்றம் என்று நான் இன்னும் நம்பவில்லை. நீலாம்பரியிலேயே கீழ் ஸ்தாயியில் நின்று, ஒரு மூச்சில், அந்த ஆலாபனையைப் போட்டிருக்கலாம். போட்டியில் இடம் அப்போதும் கிடைத்திராது. ஆனால் நான் தலையாட்டியிருக்க மாட்டேன்.

மகளிடம் இதைச் சொன்னேன், இவ்வளவு ஒழுங்காக இல்லை, சோறு குழைத்துக்கொண்டே துண்டு துண்டாக. பங்கர் கதை அவளுக்குத் தெரியும், பாட்டு அதற்குள்ளிருந்து வந்தது என்பது புதிது. ஒன்றும் சொல்லாமல் கை கழுவிவிட்டு ஏணையடிக்குப் போனாள். ஆலாபனை இல்லாமல், தாழ்த்திப் பாடத் தொடங்கினாள். முதல் இரண்டு வரி சரி. மூன்றாவதில் பழக்கதோசத்தில் ஒரு சங்கதி ஏறிவிட்டது, பிள்ளை மறுபடி சிணுங்கியது. அம்மா எழும்பி வந்து, ஏணைக் கயிற்றைத் தன் கையில் எடுத்தா.

பிள்ளை உறங்கின பிறகு விறாந்தையில் மூவரும் இருந்தோம். மகள் போனை எடுத்து, அந்தத் தொகுப்பின் மற்ற மாவோரிப் பாட்டை, 'ஹினே எ ஹினே' என்பதை, அம்மம்மாவின் காதருகில் பிடித்தாள். அதுவும் தாலாட்டுத்தான், 1907 அளவில் ஒரு மாவோரிப் பாடகி கட்டியது. அழுது களைத்த சின்னப் பெண்ணைத் தேற்றுகிற பாட்டு. அம்மாவுக்கு நாங்கள் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தா. விரல்கள் மடியில் கயிறு இழுக்கிற மாதிரி அசைந்தன.

"அழுத பிள்ளைக்குப் பாடுறாள்," என்றா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பிடித் தெரியும் அம்மம்மா? பாஷை விளங்கினதே?"

"சிரிக்கிற பிள்ளைக்கு ஆர் தாலாட்டுறது?" என்று சொல்லிவிட்டு, அம்மா ஏணைப் பக்கம் திரும்பினா. "அதைக் கொஞ்சம் குறைச்சு வை மோனை."